சக்கரம் நேராக இருக்கிறதா என்று யாரைக் கேட்பது

முன் டயரின் உள்பக்கத்தை நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. வெளியே தெரிகிற பக்கம் நன்றாகத்தான் இருந்தது. பழவேற்காட்டில் பஞ்சர் ஒட்டுகிறவர் டயரைக் கழற்றித் திருப்பிக் காட்டியபோதுதான் தெரிந்தது, உள் ஓரம் முழுக்க வழுவழுவென்று தேய்ந்து, ஓரிடத்தில் உள்ளே இருக்கிற நூல்கூட எட்டிப் பார்த்தது. "இந்த டயரோடயாக்கா இவ்ளோ நாளா ஆளை ஏத்தினு போன?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

நான் ஏற்றிக்கொண்டு போவது நாலு பெண்களை. எல்லாரும் லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் தெருக்காரர்கள், மீன் விற்கிறவர்கள். விடிந்ததும் விடியாததுமாக அவர்களையும் கூடைகளையும் என்னுடைய பழைய ஏழு சீட்டு காரில் மீஞ்சூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விடுவேன். அதில் ஒருத்தி என் வீட்டுக்காரரின் தங்கை. பாலம் தாண்டும்வரை இரண்டு பக்கமும் ஏரித் தண்ணீர். அங்கே டயர் வெடித்து வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் நாலு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அன்று முழுக்க இதே யோசனை.

முன் டயர் இரண்டையும் மாற்றிவிட்டு, சக்கரம் கோணி நின்றால்தான் இப்படி ஓரம் தேயும் என்று பஞ்சர்க்காரர் சொன்னதால், மீஞ்சூரில் ஒரு கடையில் சக்கரத்தை நேராக்குகிற அலைன்மென்ட் பார்த்தேன். கடைக்காரப் பையன் நாலு சக்கரத்திலும் எதையோ மாட்டிவிட்டு டிவி மாதிரி இருந்த ஒன்றைப் பார்த்துப் பார்த்து அடியில் நட்டு திருகினான். கடைசியில் ஒரு தாள் கொடுத்தான். நான் ஏழாவதோடு நின்றவள். புள்ளி வைத்த எண்ணும், அதற்கு முன்னால் கூட்டலும் கழித்தலும் எனக்குப் பிடிபடவில்லை. நிறம் புரிந்தது. முன்பு சிவப்பாக இருந்ததெல்லாம் இப்போது பச்சை.

நிம்மதியாகத்தான் கிளம்பினேன். பொன்னேரி தாண்டியதும் பார்த்தால், வண்டி நேராகப் போகிறது, ஸ்டியரிங் மட்டும் லேசாகக் கோணிக்கொண்டு நிற்கிறது. கையைத் தளர்த்தினால் மெதுவாக இடது பக்கம் ஒதுங்குகிறது. மறுநாள் மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். அவன் திரும்பவும் மாட்டிப் பார்த்தான்; டிவியில் பச்சைப் பட்டைக்குள் ஒரு கோடு நின்றது.

"பச்சைக்குள்ளதான் கீதுக்கா" என்றான் அவன்.

"பச்சைக்குள்ள இருக்குப்பா. நடுவுல இல்லியே. கோடு ஓரமா இல்ல நிக்குது."

"நடுவுல நிக்கணும்னு இல்லக்கா. இங்கேர்ந்து இங்க வரைக்கும் எங்க நின்னாலும் கரெக்ட்டுதான்."

"அப்ப எதுதான் நேரு?"

"எல்லாமே நேருதான்."

இந்த ஓரமும் சரி, அந்த ஓரமும் சரி என்றால், ஒரு சக்கரம் இந்த ஓரத்திலும் இன்னொன்று அந்த ஓரத்திலும் நின்றால் அதுவும் சரியா என்று கேட்டேன். படித்தவர்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை என்றான் அவன். படித்திருந்தால் தாளைப் பார்த்தே புரிந்திருக்குமோ என்னவோ. ஸ்டியரிங்கை மட்டும் நேராக்கிக் கொடுத்தான். ரோடே தண்ணீர் வடிவதற்காக இடது பக்கம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும் என்றும் சொன்னான். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாலத்தில் ஓட்டிக் காட்டினேன்.

"எங்க இழுக்குது? நேராத்தான போவுது?"

"நான் புடிச்சினு இருக்கறதால போவுது."

"புடிக்கத்தான ஸ்டியரிங்கு வெச்சிருக்கான்?"

இதுதான் எங்கள் ஊரில் பெரிய கஷ்டம். படகு ஓட்டுகிறவர்களிடம் போய், வண்டி இழுக்கிறது, நான் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னால் அவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. காற்றும் நீரோட்டமும் இருக்கிற நாளில் படகின் மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், படகு வேறு பக்கம் போகும். கரைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தால் அதற்குப் பெயர் நேர். என் பயத்தைத் தெருவில் மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். மூன்று பேருமே, போய்ச் சேர்ந்த இடம் சரியாக இருந்ததா என்றுதான் கேட்டார்கள்.

வீட்டுக்காரர் ஒரு யோசனை மட்டும் சொன்னார். வாடைக்காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது. மேற்கே போகும்போது அது வண்டியை இடது பக்கம் தள்ளும், திரும்பி வரும்போது வலது பக்கம் தள்ளும். இரண்டு தடவையும் ஒரே பக்கம் இழுத்தால் கோளாறு வண்டியில், மாறி மாறி இழுத்தால் காற்று. கேட்க நன்றாக இருந்தது. போகும்போது இடது பக்கம் நன்றாகவே இழுத்தது. வரும்போது இடது பக்கம்தான், ஆனால் இழுத்ததா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு. இது காற்றா, ரோட்டின் சரிவா, சக்கரமா? மூன்றாவது தடவை திருப்பியதும் அவர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை பெண்களிடம் உள்ளதைச் சொன்னேன். எனக்குத் தைரியம் இல்லை, இரண்டு நாள் பஸ்ஸில் போங்கள் என்றேன்.

நண்டு விற்கிற அக்கா, ஆள் நல்ல கனம், வண்டியில் ஏற்றிய கூடையை இறக்கவே இல்லை. "இன்னாமே, ஏரியில தள்ளப் போறியா? தள்ளு. நண்டுங்களாவது வூடு போய்ச் சேரட்டும்."

"பஸ்ஸு போய்ச் சேர்றதுக்குள்ள மார்க்கெட்டே முடிஞ்சிடும் அண்ணி" என்றாள் நாத்தனார். "மெதுவா போ. நாங்க இன்னா ஓடவா சொல்றோம்?"

எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். முப்பதுக்கு மேல் போகவில்லை. பாலத்தில் என் முழங்கை இரண்டும் மரத்துப்போய்விட்டது. அவர்கள் இருக்கும்போது இழுப்பு அதிகமாக இருந்தது, அது நிச்சயம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைக்காரன் அளந்து பார்த்தது காலி வண்டியை. நான் ஓட்டுவது இவர்களை வைத்துக்கொண்டு.

மீன் விற்று முடிந்ததும், வழக்கம்போல் பஸ்ஸில் ஊர் திரும்ப ஸ்டாண்டுக்குப் போகிறவர்களை மடக்கி, ஒரு அரை மணி நேரம் என்னோடு வாருங்கள் என்று கெஞ்சி அந்தக் கடைக்கே கூட்டிப்போனேன். ஈரக் கூடைகளும் மீன் வாடையுமாக வண்டி உள்ளே போனதும் அவன் முகம் சுருங்கியது.

"எல்லாரும் எறங்குங்கக்கா."

"எறங்க மாட்டாங்க. இப்படியே வெச்சுப் பாரு."

"இப்படியெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்கக்கா."

"நாங்க இப்படித்தான் போறோம்."

கூடை காலியாக இருக்கிறதே, காலையில் இருந்த கனம் இப்போது இல்லையே என்று எனக்கு அதற்குள் அடுத்த கவலை வந்துவிட்டது. "அதுக்கு வேணா என்னை ரெண்டு தடவை ஏத்தி வெச்சுக்க" என்றார் நண்டு அக்கா.

அவன் சக்கரங்களில் கருவியை மாட்டினான். டிவியில் முன்பக்கம் ஒன்று சிவப்பாக வந்தது.

"என்னாலயா செவந்துச்சு?" என்று உள்ளேயிருந்து நண்டு அக்காவின் சத்தம்.

அவன் குனிந்து பார்த்தான், எழுந்து வந்து டிவியைப் பார்த்தான். அதுவரை எல்லாவற்றுக்கும் உடனே பதில் வைத்திருந்தவன், முதல் தடவையாக என்னைக் கேட்டான்.

"ஆளோட வெச்சு செட் பண்ணா, காலியா போறப்போ பச்சையை விட்டு வெளிய போனாலும் போயிடும்க்கா. எதை வெச்சுப் பண்ணட்டும்?"

எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தத் தாளை யாராவது விவரம் தெரிந்தவர் பார்த்தால் சிரிக்கவும் கூடும். ஆனால் இவர்களை மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் தினமும் காலி வண்டியில் திரும்பி வருவது நான் ஒருத்திதான்.

"ஆளோட வெச்சே பண்ணுப்பா" என்றேன்.

அவன் ஸ்பானரோடு அடியில் போனான். "யாரும் ஆடாதீங்க" என்று அங்கிருந்து சொன்னான். நாலு பேரும் மடியில் காலிக் கூடையை வைத்துக்கொண்டு, பேச்சைக்கூட நிறுத்திவிட்டு, அவன் நட்டை இறுக்கி முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.