சாய்க்காமல் வைத்த மீட்டர்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'நேர்கோடு'. மேசையில் பேனா கோணலாகக் கிடந்தால்கூட மனுஷனுக்குச் சோறு இறங்காது. லேசர் டயோடு செய்தே தலை நரைத்தவர். கடுகத்தனை சில்லு அது. அதிலிருந்து ஒரே ஒரு நிறம்தான் வர வேண்டும். குமிழைத் திருகினால் அந்த நிறம் மெல்ல நகர வேண்டும், தாவக் கூடாது. அவருடைய புது டயோடோ சக்தியைக் கொஞ்சம் கூட்டினாலே தாவிக்கொண்டிருந்தது.

பழி போட ஆள் தேடினார். சில்லைத் தகட்டில் பற்றவைப்பது அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை. வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"பத்தவைக்கும்போது கை நடுங்குதா உனக்கு?"

"இல்ல சார், ஒட்டு நல்லாத்தான் இருக்கு. வேற எதாவது..."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளைச் சாமான் அறைக்கு மாற்றினார். அதற்கப்புறம் வேறு ஆள் ஒட்டிய டயோடும் தாவியது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒரு மதியம் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கையில் முழங்கை இடித்து, ஒளியை அளக்கும் மீட்டர் லேசாகத் திரும்பிக்கொண்டது. திரையில் நிறத்தைக் காட்டித் துள்ளிக்கொண்டிருந்த கோடு அடங்கிவிட்டது. திருகிப் பார்த்தார், நிறம் சமர்த்தாக நகர்ந்தது. மீட்டரை நேராக்கினார், மறுபடி பேயாட்டம். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மீட்டரின் கண்ணாடியில் பட்ட ஒளி, வந்த வழியே டயோடுக்குள் திரும்பிப் போய் அதைக் குழப்பியிருக்கிறது. மீட்டரைக் கொஞ்சம் சாய்த்து வை என்பது, புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவர் சொல்லித்தருகிற பாடம். ஊருக்குத்தான் உபதேசம்.

மச்சினி ஒட்டி, அவர் கழித்துப் போட்ட டயோடுகளை எடுத்து, மீட்டரைச் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்றுகூடத் தாவவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பழுதாக ஒன்றாவது கிடைக்காதா என்று மனசு தேடியதே, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அசிங்கம்.

சாமான் அறைக்குப் போனார். அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினார்.

"தப்பு என்னோடதும்மா. மீட்டரச் சாய்க்காம வச்சிட்டேன். உன் ஒட்டுல ஒரு குறையும் இல்ல. நாளைக்கே பழைய இடத்துக்கு வந்துடு."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி சொன்னீங்க மாமா. இதுக்கு மட்டும் எதுக்குக் கதவு?"

வெளியே ஆட்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கதவுப் பிடியில் கை வைத்தவர், அவர்கள் கடந்து போகட்டும் என்று நின்றார்.