கலிரோயியின் நாக்கு

மருந்து அரைத்த கல்வத்தைக் கழுவுமுன் அடியில் ஒட்டிய பொடியை விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள் கலிரோயி வலசாக்கி. நாக்கு மழுங்கக் கூடாதென்று காப்பிக்குச் சர்க்கரை கிடையாது, ஒயினும் கிடையாது. பெண்பிள்ளைக்கு மருந்துக்கடையா என்று ஏதென்ஸில் சிரித்தவர்கள் எல்லாம் இப்போது அவளிடம்தான் இருமல் மருந்து வாங்குகிறார்கள். "மருந்துன்னா மருந்து. மாமியார் வைத்தியத்தை வாசலோட விட்டுட்டு வா" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்.

ருசித்த பிறகுதான் பொட்டலம் கைமாறும். இன்று கல்லூரியில் அவளுடைய முதல் வகுப்பு. அங்கே அவள்தான் முதல் பெண் பேராசிரியர். அவசரத்தில் கொடுத்துவிட்டு ருசித்தாள்.

குழந்தைகளின் பூச்சி மருந்துக்கு ருசியே இருக்கக் கூடாது. இது செம்புக்காசாகக் கரித்தது. பக்கத்து ஜாடியில் இருந்த, புண் கழுவும் நஞ்சு. துப்பினாள். தன் பையனுக்காக வாங்கிய பொட்டலத்தோடு மிர்சினி அப்போதே அகதிக் குடியிருப்புக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அழைத்துப்போக வந்த பேராசிரியர் சன்னெத்தோஸ் வாசலில் நின்றார். "மண்டபமே காத்துக்கிட்டிருக்கு, அம்மணி. என்ன, அடுப்புல பால் கீல் வெச்சிருக்கீங்களா?"

"ஆமா, பொங்கிடும். வழி விடுங்க."

"இன்னிக்கு வரலேன்னா அந்த நாற்காலி உங்களுக்கு இல்ல. எத்தனை பேரு அதுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க தெரியுமில்ல?"

"உக்காந்துக்கட்டும்."

தெருவில் ஓடினாள். செருப்பின் குதி பிய்ந்தது. கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். கோயில் பக்கம் போகாதவள், மேடு ஏறும்போது மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். அந்தப் பையன் செத்தால் தானும் செத்தது போலத்தான் என்று பட்டது.

மிர்சினி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பையன் ரொட்டி கடித்துக்கொண்டிருந்தான்.

"பொட்டலம் எங்கடி? குடுத்துட்டியா?"

மிர்சினி தலையைக் குனிந்துகொண்டாள். "திட்டாதீங்கம்மா. இன்னிக்குச் செவ்வாக்கெழம. செவ்வாயில ஒண்ணத் தொடங்கினா வெளங்குமா? நாளைக்குக் குடுக்கலாம்னு மாதா படத்துக்குப் பின்னால வெச்சிருக்கேன்."

இந்தச் செவ்வாய்ப் பயத்துக்காகக் கலிரோயியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத பெண் அந்தக் குடியிருப்பிலேயே இல்லை. இப்போது படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது விஷம், மிர்சினி. என் கைதான் மாத்திப் போட்டுடுச்சு."

மிர்சினி பையனை வெடுக்கென்று இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் திட்டுவாள் என்று கலிரோயி காத்து நின்றாள். அவள் திட்டவில்லை.

நரைத்த தலையைக் குனிந்து, பாதிரியார் கையை முத்தமிடுவதுபோல், மாவு அப்பியிருந்த அந்தக் கையைக் கலிரோயி முத்தமிட்டாள்.