ஆத்தா எத்தனை தரம் வந்தாள்?

எதிரே வருகிறவர் யார் என்று பார்க்கும் முன்பே அவருடைய இடது புஜத்தைப் பார்த்துவிடுவார் டாக்டர் பால்துரை. ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலிட்டாலும் சரி, கண் அங்கேதான் போகும். அம்மை குத்திய வட்டத் தழும்பு நாலு இருந்தால் முகத்தில் ஒரு நிறைவு. இரண்டு இருந்தால் புருவம் சுருங்கும். ஒன்றுமே இல்லையென்றால் அந்த ஆள் அன்றைக்குத் தப்ப முடியாது. முழுக்கைச் சட்டைக்காரர்கள் மேல் அவருக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு. போன வருஷம் மகள் பரிபூரணத்தைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், காப்பி வருவதற்குள், "மாப்பிள்ளையைச் சட்டைக் கையைச் செத்த மடிக்கச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஏசம்மாள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம். அப்போது ஊருக்கு ரயில் கிடையாது. அடுத்த வருஷம் ரயில் வந்தது. எல்லோரும் புகைவண்டியைப் பார்க்கப் போனார்கள், அவர் அதில் வந்த பார்சலைப் பார்க்கப் போனார். கிண்டியிலிருந்து மெல்லிய கண்ணாடிக் குழல்களில் வரும் அம்மைப்பால் அது. பசுங்கன்றின் உடம்பில் வளர்த்து எடுப்பது. மனிதர் கையில் கீறித் தடவினால் பெரியம்மை அண்டாது. வெயில் பட்டால் செத்துப்போகும். அதனால் ஈர மணல் நிரப்பிய கலயத்தில் குழல்களைப் புதைத்து, சைக்கிளின் முன்னால் கட்டி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் குடையையும் பிடித்துக்கொண்டு வருவார். குடை கலயத்துக்கு. வெயில் டாக்டருக்கு. சித்திரை வெயிலில் அப்படி அவர் வருவதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். "அம்மைப்பால் சுமக்கணும்னுதான் அவிய அப்பா அப்பவே பால்துரைன்னு பேரு வச்சிருக்காரு" என்பார் கம்பவுண்டர் சுயம்புலிங்கம். 'பால் டாக்டர்' என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான்.

குத்திவிட்டுப் போவதோடு அவர் மனம் நிற்கவில்லை. ஒருமுறை அம்மை கண்டு பிழைத்தவருக்கு மறுமுறை வருவதில்லை என்பது ஊரறிந்தது. ஆனால் பால் வைத்துக்கொண்டவருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி எத்தனை வருஷம் நிற்கும்? ஐந்தா, பத்தா, ஆயுசுக்குமா? இந்த ஒரு கேள்விக்காகத் தடித்த அட்டை போட்ட நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தார். வத்திராயிருப்பில் மாந்தோப்புக் காவல்காரர் முதல் ராஜபாளையத்தில் பருத்தி அரைக்கிறவர் வரை, யாருக்கு எத்தனை தழும்பு, எந்த வருஷம் குத்தினது, அம்மை வந்ததா இல்லையா என்று எழுதினார். ஆராய்ச்சிக்கென்று அவரிடம் இருந்தவை அந்த நோட்டுகளும் ஒரு சைக்கிளும் ஒரு பூதக்கண்ணாடியும்தான். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மேஜை போட்டு உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஏசம்மாளுக்கு மட்டும் தெரியும்.

ஆரம்பத்தில் அவர் பேச்சே அவருக்கு எதிரியாக இருந்தது. பாளையங்கோட்டை மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்தவர். "உங்க வீட்ல யாருக்காவது பெரியம்மை வந்துச்சா?" என்று பட்டென்று கேட்பார். கதவு சாத்தப்படும். "அவ பேரை அப்படிச் சொல்லாதீய" என்று ஒரு கிழவர் கை கூப்பினார். ஊரார் அதை நோய் என்று சொல்வதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். டாக்டரும் கற்றுக்கொண்டார். "ஆத்தா வந்தாளா? எத்தனை தரம் வந்தா?" என்று அவர் கேட்கத் தொடங்கிய பிறகு கதவுகள் திறந்தன, மோர் வந்தது, நோட்டுகள் நிறைந்தன. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வாயில் அந்தச் சொல் வருவதே ஜனங்களுக்கு இனிப்பாக இருந்தது. அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

முப்பத்துநாலாம் வருஷம் செட்டியார்பட்டியில் முத்தாத்தாளைப் பார்த்தார். பருத்தி எடுக்கப் போகிறவள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சுயம்புலிங்கத்துக்கு அன்று காய்ச்சல். டாக்டர் தனியாகப் போயிருந்தார்.

"ஆத்தா எப்ப வந்தா?"

"சின்னப் பிள்ளையில வந்தா. இந்தா, மூஞ்சியில எழுதிட்டுப் போயிருக்காளே, தெரியலையா?"

"பொறவு வரலைல்ல?"

"வராம என்ன? போன பங்குனியிலயும் வந்தாளே!"

டாக்டரின் பென்சில் நின்றது. "நெசமாவா? உடம்பு எப்படி இருந்துச்சு?"

"அனலாக் கொதிச்சுது. எனக்கு நெனவே இல்ல. ஏழு குடம் மஞ்சத் தண்ணி ஊத்தினப்புறந்தான் அடங்கினா."

"வேப்பிலை கட்டினீகளா?"

"கட்டாம இருப்பமா? மூணு நாளும் வேப்பிலைதான், விரதந்தான்."

அம்மை கண்டு பிழைத்தவளுக்கு இரண்டாம் முறையும் அம்மை! அதுவும் மூன்றே நாளில் தணிந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தி முற்றும் போகவில்லை, தேய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வேண்டிய பதில் கைக்கு வந்துவிட்டதால் அவர் கேட்கவில்லை.

ராப்பகலாக உட்கார்ந்து இங்கிலீஷில் கட்டுரை எழுதினார். வைத்தியப் பத்திரிகை ஒன்று அதை அச்சிட்டது. இரண்டு மாதத்தில் சென்னை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது: ஜூன் மாதம் உதவியாளராக வந்து சேரலாம், அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் கண்டால் கொப்புளத்து நீரைக் குழலில் எடுத்து வரவும். ஏசம்மாள் டிரங்குப் பெட்டிகளை இறக்கித் துடைத்தாள். பரிபூரணத்தைச் சேர்க்கப் பட்டணத்தில் பள்ளிக்கூடம்கூட விசாரித்தாயிற்று.

மறுபடி வந்தால் உடனே ஆளனுப்பும்படி டாக்டர் முத்தாத்தாளிடம் சொல்லிவைத்தார். அவள் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். பங்குனியில் ஆளும் வந்தது. "ஆத்தா வந்துருவா போல இருக்கு. முத்தாத்தா அக்கா உங்களை வரச் சொல்லுதாக."

குழல்கள், பஞ்சு, ஸ்பிரிட், ஈர மணல் கலயம் எல்லாவற்றோடும் டாக்டரும் சுயம்புலிங்கமும் பஸ் ஏறினார்கள். செட்டியார்பட்டியில் இறங்கியதும் மேளம் கேட்டது. அம்மன் கோயில் முன்னால் கூட்டம். நடுவில், நனைந்த மஞ்சள் சேலையும் அவிழ்ந்த கூந்தலுமாக, இரண்டு கையிலும் வேப்பங்குலையோடு முத்தாத்தாள் ஆடிக்கொண்டிருந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை.

"இவுகளுக்கு என்ன?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார் டாக்டர்.

"ஆத்தா வந்திருக்கால்லா! வருசாவருசம் பங்குனிக்கு இவ மேலதான் வருவா."

முத்தாத்தாள் அவரைக் கண்டுவிட்டாள். கூட்டம் விலகியது. அவள் கண் அவர் கையிலிருந்த கலயத்தில் நின்றது. "ஏலே டாக்டரு! குப்பியோட எதுக்குலே வந்தே? என்னைய அடைச்சுக் கொண்டுபோயிரலாம்னு பாக்கியா?"

சுயம்புலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டாக்டர் கலயத்தை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டாக்டர் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ராஜபாளையம் தாண்டியதும் சுயம்புலிங்கம் அவர் பக்கம் சாய்ந்தார். "ஐயா, இது நமக்குள்ள இருக்கட்டும். மெட்ராஸ்காரனுக்கு ஆத்தா தெரியுமா, அருள் தெரியுமா? யாரு வந்து கேக்கப்போறா?"

"நான் கேக்கேனே, சுயம்பு" என்றார் டாக்டர்.

வீட்டில் டிரங்குப் பெட்டி பாதி நிரம்பியிருந்தது. நடந்ததைக் கேட்ட ஏசம்மாள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "ஒரு மனுஷி விசயந்தானே. அது ஒண்ணு தப்பாப் போனா மத்ததெல்லாம் பொய்யாயிருமா?" என்றாள்.

"அதான் எனக்குத் தெரியல. இந்த ஒரு சொல்லை வச்சுத்தானே எல்லா வீட்லயும் கேட்டேன்."

அவள் பெட்டியிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அடுக்களையில் வைத்தாள். அவளுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. செம்புப் பானையை வைத்த சத்தத்தில் அது தெரிந்தது. அன்றைக்கே அவர் பத்திரிகைக்கும் சென்னைக்கும் எழுதினார். பத்திரிகை ஐந்து வரியில் ஒரு திருத்தம் போட்டது. சென்னையிலிருந்து அப்புறம் கடிதம் வரவில்லை.

மறுவாரமே பழைய நோட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினார். இப்போது கேள்வி வேறு: "பொருக்கு உதிர்ந்துச்சா?" அருள் வந்தால் கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிராது, அம்மை வந்தால் உதிராமல் இராது. நல்ல நாளும் அதுவுமாக இப்படிக் கேட்கிறாரே என்று சில வீடுகளில் முகம் சுளித்தார்கள். கொஞ்ச நாள் 'பொருக்கு டாக்டர்' என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று வருஷம் ஆயிற்று. இன்னும் பதினேழு வீடுகளில் ஆத்தா வேறு விதமாக வந்திருந்தது தெரிந்தது. அவற்றையெல்லாம் அடித்த பிறகு நோட்டில் தெளிவாக நின்றது ஒன்று: பால் வைத்த ஏழெட்டு வருஷத்துக்குப் பின் காவல் தளர்கிறது, பெரியவர்களுக்கும் மறுபடி குத்த வேண்டும். அதை எங்கும் அச்சிட அவர் அனுப்பவில்லை. "ஒருக்க அவசரப்பட்டது போதும்" என்று சொல்லிவிட்டு, பெரியவர்களின் சட்டைக் கைகளை மடிக்கத் தொடங்கினார். நாற்பத்துமூன்றில் சுற்று வட்டாரமெல்லாம் அம்மை எரிந்தபோது செட்டியார்பட்டியில் மூன்றே வீட்டில் வேப்பிலை தொங்கியது.

இந்த வருஷம் அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு. ஆனாலும் காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். பங்குனித் திருவிழா முடிந்த மறுநாள் முத்தாத்தாள் வந்தாள். வருஷந்தோறும் வருகிறவள்தான். தலை நரைத்துவிட்டது. மடியிலிருந்து இரண்டு மாங்காயை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என்ன முத்தாத்தா, சௌக்கியமா?"

"சௌக்கியந்தான்யா. நேத்து ஆத்தா வந்துட்டுப் போயிட்டா."

"பொருக்கு உதிர்ந்துச்சா?"

"போங்கய்யா, உங்களுக்கு எப்பவும் கேலிதான்" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எழுதிக்கிடுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து செட்டியார்பட்டி நோட்டை எடுத்து அவளுடைய பக்கத்தைத் திருப்பினார். 'எத்தனை தரம்' என்ற கட்டத்தில் இரண்டை அடித்து ஒன்று என்று எழுதியிருந்தது. அதற்கு வலப்பக்கம், ஸ்கேல் வைத்து அவரே கோடிழுத்த தலைப்பில்லாத ஒரு கட்டம். அதில் முப்பத்தைந்து முதல் வருஷங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேனாவை உதறி, கடைசி வருஷத்துக்குக் கீழே 1946 என்று எழுதினார். மை காயும்வரை நோட்டை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.