படுக்க வைத்த மண்டபம்

உலகக் கண்காட்சிகளுக்காகக் கட்டிய கட்டடங்களின் உலோகச் சிற்றுருவங்களை நான் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். பழவங்காடியில் பழைய சாமான் விற்கும் கடையில் கிடைத்த ஒரு கையகலக் கோபுரத்தில் தொடங்கிய பழக்கம் இது. அந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. கண்காட்சி முடிந்ததும் இடிப்பதற்கென்றே கட்டியவை. மிஞ்சியிருப்பது என் அலமாரியில் மட்டும்தான் என்பதில் முன்பெல்லாம் எனக்கு ஒரு பெருமை.

வலியசாலையில் எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவில், படிகளுக்குக் கீழே தரையில் அவற்றை ஓர் ஊர் மாதிரி அடுக்குவேன். போன நவராத்திரிக்கு அந்த ஊரில் புதிதாக ஒரு மண்டபம் சேர்ந்தது. அப்போது ஜப்பானில் நடந்துகொண்டிருந்த கண்காட்சியில், ஒரு நாட்டின் மண்டபத்தில் என் மகள் வழிகாட்டியாக வேலை செய்தாள். அதன் சிற்றுருவத்தைத்தான் அனுப்பியிருந்தாள்.

விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி எடுத்ததும், கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். மறுநாள் காலைவரை அதை எழுப்பக் கூடாது. எப்போதும் மரப்பாச்சியைத்தான் படுக்க வைப்போம். அன்று என் கணவர் குனிந்து அந்த மண்டபத்தைச் சாய்த்தார்.

"ஏன்னா, அதை எதுக்கு?"

"கண்காட்சி முடிஞ்சா இடிக்கப் போறா, அல்லே? இப்பவே படுத்துப் பழகட்டும்."

நானும் சிரித்தேன்.

வேலை முடிந்ததும் மகள் தினமும் கூப்பிடுவாள். அன்று கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோது மணி அடித்து அடித்து நின்றது. கொலுவில் மற்ற கட்டடங்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. அது மட்டும் குப்புறக் கிடந்தது. கை நீட்டினேன்.

"படுக்க வெச்சதை எடுக்கப்படாதுடீ. ரயில்ல இருப்பா, கூப்பிடுவா."

மகளுடைய தோழியின் எண்ணைத் தேடி அவர் உள்ளே போனதும், அதை நிமிர்த்தி வைத்தேன். விளக்குக்குப் பக்கத்திலேயே கிடந்தும் உலோகம் சில்லென்றிருந்தது.

காலையில்தான் அவள் அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, பயப்படாதே. நேத்திக்கு டிரெஸ் மாத்தற ரூம்ல தலை சுத்தி விழுந்துட்டேன். சாப்பிடாததுதான் காரணமாம். அப்புறம் வெளியில வந்து செக்யூரிட்டிகிட்ட சொன்னேன். ராத்திரி ஆஸ்பத்திரில வெச்சுண்டா, போன் லாக்கர்ல மாட்டிண்டது."

"யாரும்மா உன்னை எழுப்பினா?"

"அதான் தெரியலை. எல்லாரும் போயாச்சு. கண் முழிச்சப்போ நான் தரையில கிடக்கலைம்மா. நடு ரூம்ல நேரா நின்னுண்டிருந்தேன்."

என் கணவர் கொலு இருந்த பக்கம் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

கண்காட்சி முடிந்தது. மண்டபத்தையும் பிரித்துவிட்டார்கள். கொலுவைக் கலைத்த அன்று பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் படுக்க வைத்தபோது, அந்தச் சிற்றுருவத்தை மட்டும் என்னால் கிடத்த முடியவில்லை. நிற்க வைத்ததில் மூடி பொருந்தவில்லை. பெட்டி இன்னும் திறந்தே இருக்கிறது.

மகள் வீடு திரும்பிவிட்டாள். மத்தியானம் அவள் படுத்தால் நான் அறை வாசலில் நின்று மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்.

"உறங்கறேன்மா, அவ்வளவுதான். போயேன்."

போகிறேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, காப்பி ஆறுகிறது என்று ஏதாவது பொய் சொல்லி அவளை எழுப்பி உட்கார வைத்துவிடுகிறேன்.