நிழல் பட்டால் இறங்கும் சுதி

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பவளை எல்லோரும் மெஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் புகுந்து வீணாய்ப்போன போர்டை மற்ற மெக்கானிக்குகள் குப்பையில் வீசுவார்கள். அக்காவுக்கு மனசு வராது. அதிலிருக்கும் நகத்தளவு சிப்பை நோகாமல் கழற்றி, வேறு போர்டில் பற்றவைத்து, ஸ்பீக்கரில் மாட்டிவிடுவாள். துணி துவைத்து முடிந்ததும் "பீப் பீப்" என்று கத்தவே பிறந்த சிப்பு, அவள் கையில் பாடும், சிணுங்கும், சண்டைக்குக்கூட வரும். இதைச் சங்கீதம் என்று சொல்லத் தனி தைரியம் வேண்டும். அது அக்காவிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

அவள் புருஷன் பஸ் டிரைவர். காலை ஷிப்டை முடித்துவிட்டு வந்து மத்தியானம் கண்ணயர்ந்தால், பின்னறையிலிருந்து கச்சேரி ஆரம்பித்துவிடும்.

"பொறியில எலி மாட்டுன மாதிரி இருக்கு. மனுஷன் தூங்க வேணாமா?" என்பார்.

அவருக்கு அந்தப் பின்னறை மேலேயே ஒரு கண். வெயில் எட்டிப்பார்க்காத அறை, தூங்க அருமையாக இருக்கும்.

தன் மெஷினை ரிப்பேருக்குக் கொண்டுவந்த நூலகர் அம்மா, இந்தச் சத்தத்தைக் கேட்டு மயங்கிப்போய், "ஞாயித்துக்கிழமை நம்ம லைப்ரரி ஹால்ல வாசிங்களேன்" என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான் சாக்கு என்று டிரைவர் பிடித்துக்கொண்டார்.

"போய் வாசி. ஜனங்க உக்காந்து கேட்டா அறை உனக்கு. எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிடணும். சம்மதமா?"

"சம்மதங்க" என்றாள் அக்கா.

ஞாயிறு சாயங்காலம் ஹால் நிறைந்திருந்தது. டிரைவர் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா சுவிட்சைப் போட்டாள். அடேயப்பா! காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சல். அவள் கருவியில் வெளிச்சத்தை உணரும் ஒரு பொட்டு உண்டு. வெளிச்சம் பட்டால் சுதி ஏறும், நிழல் பட்டால் இறங்கும். சுதி சேர்த்ததெல்லாம் மங்கலான பின்னறையில். மேடை விளக்கை அவள் யோசிக்கவே இல்லை. வருஷக்கணக்காக ஒரே மேசையில் வேலை பார்த்தால் இப்படித்தான்!

கடைசி வரிசையில் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கை தாளத்துக்கு, ஒரு கை ராகத்துக்கு. பொட்டை மறைக்க அக்காவுக்கு மூன்றாவது கையா இருக்கிறது?

"என்னங்க! கொஞ்சம் மேல வாங்க. வெளிச்சத்த மறைச்சு நில்லுங்க!"

டிரைவர் அசையவில்லை. அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், அறை கைக்கு வந்துவிடும். ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தார். அப்புறம் எழுந்தார்.

மேடையேறி விளக்குக்கு முன்னால் நின்றார். தாராளமான உடம்பு. கீச்சல் சட்டென்று அடங்கி, குழைந்து, தேனாக இறங்கியது. கால் வலித்து ஒரு பக்கம் சாய்ந்தார். சுதியும் கூடவே வளைந்து ஏறியது. ஜனங்கள் சிரித்தார்கள். அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வளைவில் பஸ்ஸைத் திருப்புகிற மாதிரி இடுப்பை ஒடித்தார், கையை வீசினார். பாட்டு அவர் பின்னாலேயே ஓடியது. அக்கா சிரித்துக்கொண்டே தாளத்தை முடுக்கினாள். அந்த மனுஷன் ஆடி அவள் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஹால் முழுக்க விசில்!

வீட்டுக்குத் திரும்பும்போது அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"என்ன இருந்தாலும் ரெண்டு பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்கல்ல? பேச்சு பேச்சுதான். நாளைக்கே அறையக் காலி பண்ணிடறேன்."

டிரைவர் ஸ்பீக்கரை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"நானுந்தான் எந்திரிச்சேன். எங்க போனேன்? உங்கிட்டதான வந்தேன்?"