பின் சீட்டில் யார் உட்காருவது

சவரிமுத்துவுக்குப் பத்துச்சீட்டு வாங்கிக் கொடுத்த இரும்புத் துண்டு ஒரு சாண் நீளம்கூட இருக்காது. பத்துச்சீட்டு என்றால் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போ என்று துரை எழுதித் தருவது. வேலை போகும், அதோடு குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் போகும். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப்போட்டு, இல்லை என்று பதில் வந்த குடும்பம் அது. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? மன்னார் கடலைத் தாண்டினால் வருகிற இந்தியாவில் அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

இப்போது கராஜில் சேருகிற தம்பிமார் என்னிடம் வந்து, பின்பக்க ஸ்டெபிலைசர் பாருக்குக் கம்பெனி லிங்க்கைக் கழற்றிவிட்டு வெளியில் செய்த நல்ல லிங்க் போடுவது எப்படி என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் எனக்கு அதைக் கோபப்படாமல் சொல்ல வராது. கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புது லிங்க்

அறுபதுகளின் தொடக்கம். நான் ஹட்டனில் பியதாச முதலாளியின் கராஜில் வேலை செய்தேன். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களின் லொறி, கார் எல்லாம் எங்களிடம்தான் வரும். அதில் ஒரு தோட்டத்துக்குப் புதிதாக ஒரு சின்னத்துரை, அதாவது உதவி மேனேஜர், வந்திருந்தார். வெள்ளைக்காரர் இல்லை. கொழும்பில் பெரிய இடத்துப் பிள்ளை. சுதந்திரம் கிடைத்த பிறகு நம் நாட்டு ஆட்களும் துரைமார் ஆனார்கள் அல்லவா, அப்படி வந்தவர். நம்மவர் வந்துவிட்டார் என்று நாங்களும் வாயெல்லாம் பல்லாக நின்றோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவருடைய சொந்தக் கார் நாலு கதவு வைத்த இங்கிலீஷ் சலூன் வகை. நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் வரும்போது மலையேற்றக் கார்ப் போட்டி நடக்கும். அதில் ஓட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வளைவில் திருப்பும்போது வண்டி ஒரு பக்கம் சாயும். சாயாமல் பிடிப்பதற்குத்தான் பின் அச்சுக்குக் குறுக்கே ஸ்டெபிலைசர் பார் இருக்கிறது. அந்தப் பாரின் இரண்டு முனைகளையும் அச்சோடு சேர்ப்பது லிங்க். கம்பெனி லிங்க் மெல்லிசு. அதன் ரப்பர் புஷ் நம் தோட்டத்து ரோட்டில் சீக்கிரமே கூழாகிவிடும். அதனால் கொழும்பில் ஒரு பட்டறையில் கெட்டியான உருக்கில் இரண்டு லிங்க் கடையச் சொல்லி வாங்கி வந்திருந்தார். நடுவில் மரை வெட்டி, நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற மாதிரி செய்தது. நல்ல வேலைதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அவருக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்தவன்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவரே என்னிடம் விளக்கினார்.

"இங்க பாரு. வண்டி காலியா இருக்கக்குள்ள நட்டு முறுக்கப்படாது. ஆள் ஏத்தி, வண்டி கீழ எறங்கின பொறகுதான் நீளம் பாக்கணும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க தொர. ஆள் ஏறாம முறுக்குனா, ஏறுன பொறகு லிங்க் சாஞ்சு நிக்கும். புஷ்ஷ முறுக்கிக்கிட்டே ஓடும். குழியில விழுந்தா பாரு போயி பாடியில இடிக்கும்."

"கரெக்ட்" என்றார். கிளப் நண்பர்கள் வருவார்கள், அவர்களை ஏற்றி அளவு பார்க்கலாம் என்றார்.

நான்கு பேர்

நண்பர்கள் வரவில்லை. மறுநாள் அவர் நுவரெலியாவுக்குப் போயாக வேண்டும்.

வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பழைய லிங்க்கைக் கழற்றி, புதியதைப் போட்டு, நட்டை விரலால் திருகி நிறுத்திவிட்டு வண்டியை இறக்கினேன். இனி ஏற வேண்டியது ஆட்கள்தான். கராஜ் வாசலில் எங்கள் ஆட்களே ஐந்தாறு பேர் நின்றார்கள். தோட்டத்து டிரைவர் சவரிமுத்துவும் நின்றான். பெரியதுரையின் காரைப் பல வருஷமாக ஓட்டுகிறவன், சின்னத்துரை கூப்பிட்டால் அவர் வண்டியையும் ஓட்டுவான்.

"தொர, நாலு பேரு இருக்கோமுங்க. ஏறி ஒக்காந்தா ரெண்டு நிமிசத்துல முறுக்கிருவேன்" என்றேன்.

அவர் எங்களை ஒரு முறை பார்த்தார். காலைப் பார்த்தார், கட்டியிருந்த சாரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த சிவப்புத் தோல் சீட்டைப் பார்த்தார்.

"அந்த சீட்லயா?"

அவ்வளவுதான் கேட்டார். துரை வண்டியில் நம் ஆள் டிரைவர் சீட்டைத் தவிர வேறு இடத்தில் உட்காருவதில்லை. எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் அது. ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டிய பிள்ளைத்தாய்ச்சிகூடக் கொழுந்து லொறியில்தான் போவாள். அதை நாங்களும் விதி மாதிரி ஏற்றுக்கொண்டு திரிந்தோம்.

அரிசி மூட்டை ஏற்றலாமா என்று கேட்டேன், தோல் கிழியும் என்றார். டிக்கியில் கல் ஏற்றலாம் என்றான் ஒருவன். அப்படி ஏற்றினால் பின்பக்கம் குந்தி மூக்குத் தூக்கும், சரியான அளவு வராது என்று சின்னத்துரையே சொன்னார். பார்த்தீர்களா, அதுவும் தெரிந்திருக்கிறது.

"அப்படியே முறுக்கு. பொறகு பாக்கலாம்" என்றார்.

நான் முதலாளியைப் பார்த்தேன். பியதாச முதலாளி கண்ணாலேயே முறுக்கு என்றார். முறுக்கினேன். காலி வண்டியில் லிங்க் இரண்டும் சிப்பாய் மாதிரி நேராக நின்றன.

வண்டி வெளியேறும்போது சவரிமுத்துவிடம் மட்டும் சொன்னேன். "டேய், ஆள் ஏத்திக்கிட்டு வெரசா போகாத. ஏறுனதும் கீழ டக்கு டக்குன்னு சத்தம் வரும். கவனம்."

"நானா ஓட்டுறேன்? அவரு சொல்ற வேகந்தான் அண்ணே" என்றான்.

கான்

மறுநாள் மத்தியானம் லிந்துலைக்குக் கீழே உள்ள வளைவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். கார் ரோட்டோரக் கான் வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்திக் கிடந்தது. சின்னத்துரையும் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் கிளப்பில் பியர் குடித்துச் சாப்பிட்டுவிட்டு, சவரிமுத்துவை ஓட்டச் சொல்லி ஏறியிருக்கிறார்கள். போட்டிக்குப் பழகும் நேரம் தப்புகிறது, மிதி மிதி என்று பின்னாலிருந்து சத்தம். ஆக, சிவப்பு சீட்டில் ஆள் நிறைந்து, வண்டி நன்றாகக் கீழே இறங்கி, ஸ்டெபிலைசர் பார் வழியெல்லாம் பாடியில் இடித்துக்கொண்டே போயிருக்கிறது. வளைவில் இடது லிங்க் மரை வெட்டிய இடத்தில் பட்டென்று முறிந்தது. பின்பக்கம் வீசி, கார் கானுக்குள் போய்விட்டது.

சிநேகிதர் ஒருவருக்குத் தோள் எலும்பு விலகியிருந்தது. சவரிமுத்து ஸ்டியரிங்கில் மோதி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் போய் இறங்கும்போது சின்னத்துரை அவனை எழுப்பி நிறுத்தினார். எல்லோரும் பார்க்கக் கன்னத்தில் அறைந்தார்.

"குடிச்சியா? குடிச்சிட்டு ஓட்டினியா?"

கேட்டவர் வாயிலிருந்துதான் பியர் வாடை வந்தது. சவரிமுத்து கோயில் திருநாளுக்குக்கூட ஒரு சொட்டு வாயில் வைக்காதவன். என் கையில் வீல் ஸ்பானர் இருந்தது. அந்த நிமிஷம் அதை நான் எதற்குப் பயன்படுத்த நினைத்தேன் என்பதை எழுதினால் இந்த வயதிலும் என்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள். குனிந்து, முறிந்த லிங்க்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆபீஸ் விசாரணை

பெரியதுரை வெள்ளைக்காரர், வயதானவர். தோட்டத்து ஆபீசில் விசாரணை வைத்து, எங்கள் முதலாளியையும் என்னையும் அழைத்தார். சவரிமுத்து கைகட்டி நின்றான். அவன் மனைவி செபமாலை வெளியே கைப்பிள்ளையோடு நின்றாள். உள்ளே அவள் வரக் கூடாது, ஆனால் ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் அவள் காதில் விழுந்தது.

பெரியதுரை எங்கள் முதலாளியிடம் கேட்டார். "ஆள் ஏத்தித்தானே முறுக்கினது?"

முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா தொர. ஏத்தித்தான் முறுக்கினது. நம்ம கராஜ்ல வேலை சுத்தம்தானே" என்றார்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "பொய்யிங்க தொர! யாரு ஏறுனது? ஒருத்தரும் ஏறல. நாங்க ஏறுறோம்னு சொன்னோம், சின்னத்தொர சீட்டு அழுக்காகும்னாரு. அவர் மொகத்துக்கு நேரா கேளுங்க!" என்று லிங்க்கை மேசைமேல் வைத்தேன். வைத்தேன் என்ன, போட்டேன். மைக்கூடு குலுங்கியது.

சின்னத்துரை ஜன்னல் பக்கம் பார்த்தார். பெரியதுரை லிங்க்கை எடுத்து முறிந்த வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மோட்டார் தெரிந்த மனுஷன். அவருக்கு விளங்கிவிட்டது என்பதை நான் அவர் முகத்திலேயே கண்டேன். விளங்கியதை மேசை டிராயருக்குள் வைத்து மூடினார், லிங்க்கோடு சேர்த்து.

"டிரைவர் கவனமில்லை. பத்துச்சீட்டு" என்றார்.

வெளியே செபமாலை வாய்விட்டு அழவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேராக லயத்துக்கு நடந்து, கேட்டதையெல்லாம் பெண்களிடம் சொன்னாள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட்டபோது ஒரு பெண்ணும் கொழுந்துக் கூடையோடு வரவில்லை. தொழிற்சங்கத்துத் தலைவர் வந்து பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். கொழுந்து முற்றத் தொடங்கியதும் பெரியதுரைக்கு நியாயம் கொஞ்சம் ஞாபகம் வந்தது. பத்துச்சீட்டை ரத்துச் செய்தார். ஆனால் சவரிமுத்து இனி வண்டியைத் தொடக் கூடாது, மலையில் மண்ணைக் கிளறி முள்ளுக் குத்தும் வேலைக்குப் போக வேண்டும் என்றார். காம்பிரா தப்பியது. ஸ்டியரிங் போய்விட்டது.

முதலாளியிடம் அன்று நான் பேசிய பேச்சு அச்சில் ஏறாது. அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "தோட்டத்து வேலை இல்லாட்டி நீயும் நானும் என்னத்த திங்கிறது?" என்றார். அதைக் கேட்டு என் கோபம் இன்னும் கூடியது. வேலையை விடவும் இல்லை.

எடை

கார் தட்டிச் சரியாகி வந்தது. கொழும்பிலிருந்து வேறு ஜோடி லிங்க் வந்தது. இந்த முறை சின்னத்துரை பங்களாவுக்கே வந்து போடச் சொன்னார். நான் போய் நட்டை விரலால் நிறுத்திவிட்டு, ஸ்பானரைத் தரையில் வைத்தேன்.

"ஆள் ஏறாம நான் முறுக்க மாட்டேங்க" என்றேன்.

சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். சண்டை வரவில்லை. கானுக்குள் விழுந்து எழுந்த மனுஷனுக்கு உயிர் மேல் ஆசை வந்திருந்தது. மேல் மலையில் ஆட்களிடம் வேலை வாங்கிக்கொண்டிருந்த கங்காணிக்குச் சத்தம் போட்டு, நாலு பேரை இறக்கச் சொன்னார். கூடவே பங்களாப் பையனை விட்டு, பெண்கள் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு நாலைந்தைக் கொண்டுவரச் செய்து, சிவப்பு சீட்டின் மேல் ஒரு மூலை தெரியாமல் விரித்தார்.

நாலு பேர் வந்தார்கள். முழங்கால் வரை மண். மூன்றாவதாக வந்தவன் சவரிமுத்து. கங்காணி வேண்டுமென்று அனுப்பினாரா, கண்ணில் பட்டவனை அனுப்பினாரா, எனக்குத் தெரியாது. சின்னத்துரை அவன் முகத்தைப் பார்க்காமல், "ஏறு" என்றார். தான் ஓட்டிய வண்டிக்கு அவன் இப்போது எடையாக ஏற வேண்டும். முதலில் வந்தவன் டிரைவர் சீட்டில் ஏறியிருந்தான்; இவன் அவனுக்கு நேர் பின்னால், பின் சீட்டில் உட்கார்ந்தான்.

நான் அடியில் போய்ப் படுத்தேன். மேலே ஆட்கள் உட்கார உட்கார வண்டி மெல்ல இறங்கியது. ஏறக்குறைய ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலத்துக்காகத்தான் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தார்கள். லிங்க்கின் நீளத்தைத் திருகி, இரண்டு பக்கமும் பார் இழுக்காமல் நிற்கும்படி வைத்தேன்.

"எப்படிடா இருக்கு பின் சீட்டு?" என்று கீழே கிடந்தபடி கேட்டேன்.

மேலிருந்து சவரிமுத்துவின் குரல் வந்தது, சின்னத்துரைக்கும் கேட்கும்படியாகத்தான்.

"இத்தன வருசம் வண்டி ஓட்டியும் எனக்கு இது தெரியாதுண்ணே. இங்கேருந்து பாத்தா ரோடே தெரியல. டிரைவரு பொடனி மட்டுந்தான் தெரியுது. அதான் எது நடந்தாலும் அதுல அடிக்கிறாங்க."

சின்னத்துரையின் சப்பாத்து இரண்டும் என் தலைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றன. நான் நட்டை முறுக்கினேன். அதற்குத் தேவையான பலத்தைவிட அதிகமாகவே முறுக்கினேன்.

தம்பிமாரே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். லிங்க் எவ்வளவு நல்லதாக வாங்கினாலும் கடைசி நட்டை, ஆள் ஏறி வண்டி கீழே இறங்கி நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். வண்டியின் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் பக்கத்தில் நிற்பவர்களைக் கூப்பிட்டு ஏற்றுங்கள். சீட்டில் எதையும் விரிக்காதீர்கள்.