காசிம் பாய் கடையின் இரண்டு வாசல்கள்

பாய் போய்விட்டார் என்று எனக்குச் சொன்னவன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லாரி டிரைவர். நான் ஆலை வாசலில் என் லாரியின் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணே, தானா ராத்தா காசிம் பாய் மவுத்தாயிட்டாராம்" என்றான். "எந்த வளைவுல சுட்டானுங்க?" என்றுதான் நான் கேட்டேன். காட்டில் இருப்பவர்களும் பட்டாளமும் சுட்டுக்கொள்கிற இந்த அவசரகாலத்தில் வேறென்ன கேட்கத் தோன்றும்? நல்லவனும் கெட்டவனும் ஏதாவது ஒரு மலைச்சாலை வளைவில் குண்டுபட்டுத்தானே போகிறார்கள். "யாரும் சுடலண்ணே. ரொட்டிக்கு மாவு பெசஞ்சுகிட்டே இருந்தவரு, அப்படியே நாற்காலியில ஒக்காந்து சாஞ்சுட்டாராம்" என்றான். என் கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது. வலி தெரியவில்லை. நகம் இன்னும் கறுத்துத்தான் கிடக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

என்னைத் தெரியாதவர் இந்த மலையில் இருக்க முடியாது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். நான் டிரைவர் முனியாண்டி. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே வரும் அத்தனை வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். பட்டாளத்து லாரிகள்கூட என் லாரியை முன்னால் விட்டுத்தான் பின்னால் வரும். படிப்பு மூன்றாம் வகுப்பு வரை. அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் தோட்டத்து லயத்துச் சனங்களைத் தானா ராத்தா டவுனுக்கு ஏற்றிப்போய்த் திருப்பிக் கொண்டுவருவது என் பொறுப்பு. ஆகவே காசிம் பாயைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்த ஆள் இல்லை. அவரே இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். அவர் இல்லை என்பதைத்தான் இன்னும் என் புத்தி ஏற்க மாட்டேன் என்கிறது.

டின்னில் ஓட்டை போடும் சட்டம் வந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று, கடைக்காரர் விற்கிற ஒவ்வொரு டின்னிலும் ஆணியால் குத்தித்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். குத்தினால் பண்டம் சீக்கிரம் கெட்டுவிடும், சேர்த்துவைக்க முடியாது. துரைமார்களுக்கு அது நல்ல யோசனை. நம் பெண்களுக்கு? பால் டின்னை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்தால், லயம் வந்து சேரும்போது பால் பாதி சேலையில் இருந்தது. எறும்புகள் லாரியோடு கூடவே ஓடிவந்தன. நான் கண்ணாடியில் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் தம் ரொட்டிக் கடையில் ஒரு காரியம் செய்தார். டின்னில் ஆணியால் குத்தினார். பிறகு பரோட்டா மாவில் ஒரு சிட்டிகை கிள்ளி, உருட்டி, ஓட்டையின்மேல் வைத்து அமுக்கினார். "கையில பிடிச்சுக்க தாயி, ஒரு சொட்டு போவாது" என்று என் மனைவி பாக்கியத்திடம் நீட்டினார். அங்கே நின்ற மாத்தா, அதுதான் போலீஸ்காரர், டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னா பாய்?"

"ஓட்டை போடச் சொன்னீங்க, போட்டாச்சு. காயம்பட்ட எடத்துல மருந்து வைக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா லா?"

மாத்தா சிரித்துவிட்டார். இது நடந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். யோசனையில் எனக்கும் பங்கு உண்டு என்று பாய் பிறகு பலரிடம் சொன்னதாகக் கேள்வி.

வேறொரு நாள் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வந்து பழ டின் ஒன்று வாங்கினான். மலை உயரம் இருந்தான்; வாசலில் குனிந்துதான் நுழைந்தான். பாய் வழக்கம்போல ஆணியை எடுத்து டின்னில் ஒரு குத்து. சிப்பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. தஸ்புஸ் என்று கத்தினான். நாங்கள் பெஞ்சியில் தேத்தண்ணீரோடு உறைந்துபோய் உட்கார்ந்திருந்தோம். இன்றைக்குப் பாயை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள் என்றே நினைத்தேன். பாய் அசையவில்லை. மாவைக் கிள்ளினார், உருட்டினார், ஓட்டையை அடைத்தார், சிப்பாயின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். "டிரைவரே, நீங்க சொல்லுங்க. இந்தக் கடையில எல்லா டின்னுக்கும் ஒரே ஆணிதான்" என்றார். நான் என் இங்கிலீசில் எடுத்து விளக்கினேன். சிப்பாய் வாயடைத்துப்போய் வெளியேறினான். என் இங்கிலீசு அப்படி.

ஆனால் அந்தச் சிப்பாய் தனியாக வந்த ஆள் இல்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. குளிர் காற்றுக்கும் ஓய்வுக்கும் என்று பட்டாளத்தார் மேலே வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களைப் பார்க்க அவர்களுடைய மேம்கள் வந்தார்கள். கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாகச் சட்டையை மாற்றிக்கொண்டது. கைலியும் சேலையும் தொங்கிய ஜவுளிக்கடையில் இப்போது வண்ணத்துப்பூச்சியைக் கண்ணாடிக்குள் அடைத்து விற்கிறார்கள். உயிரோடு நம் தலைமேல் பறக்கிற பூச்சியை, செத்த பிறகு வெள்ளைக்காரன் காசு கொடுத்து வாங்குகிறான்! வெற்றிலைக்கடை போட்டோக் கடையாயிற்று. நமக்கு முடிவெட்டியவர் வாசலில் இங்கிலீசுப் பலகை மாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம்மைக் கண்டும் காணாததுபோல் கத்தியைத் தீட்டினார். சனங்கள் லாரியிலிருந்து இறங்கி, உட்கார இடமில்லாமல் தெருவில் நின்றார்கள். மிச்சம் இருந்தது பாய் கடையின் வாசல் பெஞ்சி ஒன்றுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெஞ்சியும் இல்லை.

நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். கடைக்குள் வெள்ளைத்துணி விரித்த மேசைகள். மேசைமேல் பூ. பூவுக்குப் பக்கத்தில் முள்ளும் கத்தியும். நடுவில் காசிம் பாய், காலில் சப்பாத்துப் போட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறார்! இராமநாதபுரத்திலிருந்து வந்த நாளாய்க் கைலியைத் தவிர வேறொன்றைக் கட்டியறியாத மனிதர். பாக்கியம் என் முழங்கையைக் கிள்ளிய இடம் ஒரு வாரம் வீங்கியிருந்தது.

"பின்னால போங்க" என்றார் பாய்.

 கொழுந்து பறிக்கிற அஞ்சலை, "கேட்டியாக்கா, நம்மளப் பின்னால போவச் சொல்றாரு" என்று அழுதேவிட்டாள். கோபத்தோடு சந்து சுற்றிப் பின்பக்கம் போனோம். அங்கே தகரக் கூரைக்குக் கீழே அதே பெஞ்சி இருந்தது. ரொட்டிக் கல் அங்கே, அடுப்பு அங்கே, தேத்தண்ணீர் கொதிக்கிற அண்டா அங்கே. பாய் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து மாவில் கை வைத்தார்.

"தவுக்கே ஒரே பேச்சா சொல்லிட்டாரு. ஒண்ணு மேம்களுக்கு ஏத்த கடை, இல்லாட்டி வேற ஆளுக்குக் கடை. நான் போனா உங்களுக்கு இந்தத் தெருவுல நிக்க எடமேது? அடுப்பு இருக்குற பக்கந்தான் கடைக்கு முகம். முன்னால இருக்குறது வெறும் முதுகு. அங்க ஆறிப்போன ரொட்டி, இங்க கல்லுலேருந்து நேரா."

தவுக்கே என்பவர் கட்டிடத்தின் சொந்தக்காரரான சீனர். நாங்கள் எல்லாரும் சமாதானமாகிவிட்டோம். பாக்கியம் ஆகவில்லை.

"சூடாத்தான் இருக்கு பாய். ஆனா நான் முன்வாசல்ல வந்தவ. இப்ப குப்பைத்தொட்டியத் தாண்டி வர்றேன்."

பாயின் கை மாவிலேயே நின்றது.  பிறகு, "ஒரு நா உங்க எல்லாத்தையும் முன்வாசல் வழியா நானே கூட்டிட்டுப் போறேன் தாயி. இது என் பேச்சு" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கேட்பாள்: "என்னா பாய், கதவு தொறந்திருச்சா?" அவர் சொல்வார்: "எண்ணெய் போட்டுக்கிட்டிருக்கேன் தாயி."

இப்படிச் சொன்னவர் இல்லை என்றால் எப்படி நம்புவது?

சேதி கேட்டதும் நேராகத் துரையிடம் போனேன். "டவுனுக்கு லாரி வேண்டும்" என்றேன். துரை என் பேச்சைத் தட்டுவதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஹார்ன் அடித்தேன். கூடையை இறக்கிவைத்தவர்கள் இறக்கிவைத்தபடியே ஏறினார்கள்.  லாரியில் ஒரு பெண்ணும் பேசாத நாளை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

பாய் குடியிருந்தது கடைக்கு மேல்மாடியில். மாடிப்படி கடையின் நடுவில் இறங்கும். இந்தக் கைப்பக்கம் முன்வாசல், அந்தக் கைப்பக்கம் பின்கட்டு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, தொழுகைக்குக் கொண்டுபோகச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துப் பாயைப் படியிறக்கிவிட்டிருந்தார்கள். முன்மேசைகளில் பட்டாளத்தார் சிலரும் ஒரு மேமும் கேக்கு தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். பாயின் மருமகன் யூசுப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பின்னால, பின்னால. சத்தமில்லாம" என்றான். சுமந்தவர்கள் பின்கட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

இந்த இடத்தில் நான் போட்ட ஒரு சத்தத்தில் தெருவே நடுங்கியது என்று எழுதலாம்தான். ஆனால் பாக்கியம் இதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். தெருவிலிருந்து முன்வாசல் படியில் கால் வைத்தவள் அவள். கொழுந்துக்கறை படிந்த சேலையோடு, வெள்ளைத்துணி மேசைகளுக்கு நடுவே நேராக நடந்து, சந்தூக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

"யூசுப்பு, ஒன் மாமனாரு பேச்சு குடுத்திருக்காரு. முன்வாசல் வழியாத்தான் கூட்டிட்டுப் போவேன்னாரு. அவரு குப்பைத்தொட்டியத் தாண்டிப் போனா நாங்க எந்த வழியாப் போவோம்?"

யூசுப் தவுக்கேயைப் பார்த்தான். தவுக்கே சுவரோரம் நின்றிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவரோ நடுமேசையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, பூவும் கேக்குமாக, தாமே சுவரோரம் இழுத்தார். பூச்சாடி உருண்டு உடைந்தது. அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மேசையை நான் பிடித்தேன். அது இரும்பு கனம். நான் ஒரு கையால் தூக்கினேன். பட்டாளத்தார் எழுந்து நின்றார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான், மற்றவர்களும் கழற்றினார்கள். பழ டின் சிப்பாயும் அவர்களில் இருந்தான் என்று நான் சத்தியம் செய்வேன். பாக்கியம் இல்லை என்கிறாள்.

பாய் முன்வாசல் வழியாகப் போனார். கொழுந்துக்கறைச் சேலைகளும் கிரீஸ் பட்ட சட்டைகளுமாக நாங்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் அதே வாசல் வழியாக வந்தோம். கொடுத்த பேச்சைக் காப்பாற்ற அந்த மனிதருக்கு வேறு வழியே கிடைக்கவில்லையா?

பாயை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். எங்கள் வீட்டில் பால் டின் வந்தால் பாக்கியம் ஓட்டையின்மேல் மாவு வைக்கிறாள். இறுகிய மாவில் அவளுடைய கைரேகை தெரிகிறது, அவருடையதில்லை. பிறகு அந்த நடை. ஞாயிற்றுக்கிழமை லாரியை நிறுத்திவிட்டு நாங்கள் சந்து சுற்றிப் போவதில்லை. முன்வாசலில் ஏறி, வெள்ளைத்துணி மேசைகளுக்கு நடுவே, மேம்களுக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு நடக்கிறோம். யூசுப் ஒன்றும் சொல்வதில்லை. தவுக்கே பார்த்தால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிடுகிறார். அந்த மேசைகளில் நாங்கள் உட்காருவதில்லை. நேரே நடந்து பின்கட்டுக்குப் போய்ப் பெஞ்சியில் உட்காருகிறோம்.

அடுப்பு அங்கேதானே இருக்கிறது.